தோழி கொண்டுபோன இரண்டு தாள்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவில் அப்பா போடும் நாடகத்தில் நான் நடித்தது ஒரே ஒரு தடவைதான். கதாநாயகியின் தோழி வேஷம். வசனம் இரண்டே வரி. கடிதத்தைக் காதலனிடம் நீட்ட வேண்டும், நடுவில் கதாநாயகியின் தகப்பன் வந்து பறித்துக்கொள்வான். அதற்கே ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

கதை தோட்டத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். சாதி பார்க்கும் தகப்பன், எளிய வீட்டுப் பையன், கடைசியில் காதலர் இருவரும் நஞ்சு குடித்துச் சாவார்கள். தகப்பன் வேஷம் கங்காணியான என் அப்பாவுக்குத்தான். காதலனாக நடித்தவர் கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஓர் அண்ணன். ஒத்திகைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாலும் வாசலில் நின்றுதான் பிளேன்டீ குடிப்பார். அவருக்கென்று தனி கிளாஸ் இருந்தது. அது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை.

மேடைக் கடிதத்தில் ஓர் எழுத்தும் இருக்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. "எழுதி வச்சா கண்ணு பேப்பர்லயே நிக்கும். அப்புறம் நடிப்பு எங்கிட்டு வரும்?" என்பார். வெறும் தாளை விரித்து, அதில் எழுதியிருப்பதுபோல் மனப்பாடமாகப் பொழிவார்.

திருவிழாவன்று பிற்பகல், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மேடை. எனக்குப் பொட்டு வைத்துவிட்ட அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, நான்காக மடித்த தாளொன்றை என் பாவாடை இடுப்பில் செருகினாள். "நாடகம் முடிஞ்சதும் காதலனா வர்றாருல்ல, அவர் கையில குடுத்துரு. வேற யாருக்கும் தெரியக்கூடாது, என்ன?" நாடகக் கடிதமும் ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. இரண்டும் கொப்பியில் கிழித்த தாள்கள், இரண்டுக்கும் ஒரே மடிப்பு.

மேடையேறியதும் இரண்டு வரியும் மறந்துபோயின. கைக்கு வந்ததை உருவி நீட்டினேன். அப்பா பறித்து விரித்தார். கண் தாளிலேயே நின்றுவிட்டது. அதை மடித்து மடியில் செருகிக்கொண்ட பிறகுதான் தன் வசனத்தைத் தொடங்கினார். கடைசிக் காட்சியில் இரண்டு பிணங்களின் மேலும் விழுந்து, "என் சாதிக் கிறுக்கு ஒங்களக் கொன்னுருச்சே!" என்று கதறியபோது மேல் லயம் கீழ் லயம் என்றில்லாமல் எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். "இந்த வருசம் கங்காணி நெசமாவே அழுதுட்டாருங்க" என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

மேடைக்குப் பின்னால் பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த அண்ணனிடம், இடுப்பில் மிச்சமிருந்த தாளைக் கொடுத்தேன். "அத்தை குடுக்கச் சொன்னாங்க." அவர் பிரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லண்ணே."

அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமலே போய்விட்டார்.

அந்த வார வெள்ளிக்கிழமை காலை அத்தை நல்ல சேலை கட்டி ஹட்டன் டவுனுக்குப் போனாள். மாலையில் அப்பாதான் அவளைக் கூட்டிவந்தார். அவர் ஒரு வார்த்தை அதட்டவில்லை. அடுத்த மாதமே டயகமத் தோட்டத்து மாப்பிள்ளையோடு அவளுக்குக் கல்யாணம். அந்த அண்ணன் கொழும்புக்கு வேலைக்குப் போனவர், திரும்பவே இல்லை.

போன வருடம் அப்பா இறந்தபின் அவருடைய நாடகக் கொப்பியைப் புரட்டினேன். கடிதக் காட்சியின் பக்கத்தில் அந்தத் தாள் இருந்தது. அத்தையின் கையெழுத்து. 'வெள்ளிக்கிழமை காலையில் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். நீங்கள் வந்தால் உங்களோடு வந்துவிடுகிறேன். வராவிட்டால் உங்களுக்கு நான் வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறேன்.'

அப்படியானால் நான் அந்த அண்ணனிடம் கொடுத்தது வெறும் தாள். சொல்ல ஒன்றுமில்லை என்ற அத்தையின் பதிலாகவே அதை அவர் எடுத்துக்கொண்டிருப்பார். அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அத்தைக்கு இன்றுவரை தெரியாது. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால், "வராத மனுசனப் பத்தி என்ன பேச்சு?" என்று எழுந்து போய்விடுவாள். தாளை எடுத்துக்கொண்டு இரண்டு முறை டயகமவுக்குப் போய், காட்டாமலே திரும்பி வந்திருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை, கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் அத்தை என்னைக் குசினிக்குள் அடுப்போரமாக இழுத்து வைத்துக் கேட்டாள்.

"நெசமா அவர் கையிலதான் குடுத்தியா?"

"சாமி சத்தியமா, அத்தை."

நான் பொய் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. என்னை நம்பிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு விளையாட ஓடினேன்.