பதினோராவது தைல பாட்டில்

"என் மருமகளைத் திருடின்னு சொல்லாதே ஜோதி. இன்னொரு தடவை அந்த வார்த்தை உன் வாயில வந்துது, உனக்கும் எனக்கும் பேச்சே இல்லை. நீ பாத்தியா? நீ சிங்கப்பூரைக் கண்டியா? நாராயணம்மா சொன்னாளாம், இவ கேட்டாளாம். புருஷன் துரத்திட்டான்னு வேற சொல்றே. யாரும் துரத்தலை. அவளாத்தான் போனா. எதுக்குப் போனான்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்லேன் லட்சுமியம்மா, நாங்களும் கேட்டுக்கறோம்," என்றாள் ஜோதியம்மாள்.

தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக்கொண்டு நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல வேளை, லாரி வந்துவிட்டது. அதையே சாக்காக வைத்துக் குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டேன்.

அங்கே விட்டதை இங்கே சொல்கிறேன். எனக்கு எழுத வராது. மகள் வயிற்றுப் பேத்தி வினிதா எழுதுகிறாள். "இதெல்லாம் வேணாம் ஆயா, மாமா படிச்சா என்ன ஆகும்?" என்கிறாள். அவன் படிக்கத்தான் சொல்கிறேன், எழுதுடி என்கிறேன். மகனிடம் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை.

பூங்கொடி என் மகன் திருமலையின் பெண்டாட்டி. சிங்காரப்பேட்டைப் பெண், பிளஸ் டூ வரைக்கும் படித்தவள். ஓசூரில் பாகலூர் ரோட்டில் எங்களுக்கு ஒரு பெயிண்ட் கடை. கம்பெனிக்காரர்கள் கலர் கலக்கும் மெஷின் கொண்டுவந்து வைத்தபோது திருமலை இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தலை சுற்றுகிறது என்றான். இவள் அரை நாளில் கற்றுக்கொண்டாள். புடவைத் தலைப்பைக் கொண்டுவந்து, இந்தக் கலரில் சுவர் வேண்டும் என்பார்கள். ஒரு தடவை பார்ப்பாள், கலர் அட்டையைப் புரட்டாமலே நம்பர் சொல்லுவாள். பெங்களூர்க்காரன் லே-அவுட் போட்டு லே-அவுட் போட்டு வீடு கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. வருகிறவர்கள் திருமலையைப் பார்த்து, "மேடம் இல்லீங்களா?" என்றுதான் கேட்பார்கள். அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் எரிச்சல்.

2007ஆம் வருஷம் நிறையப் பெயிண்ட் விற்ற கடைக்காரர்களைக் கம்பெனி சிங்கப்பூருக்குக் கூட்டிப்போனது. கடைக்கு இரண்டு டிக்கெட். "அத்தையும் வரட்டும்," என்றாள் பூங்கொடி. "அவங்க ஒகேனக்கல் தாண்டி எங்கே போயிருக்காங்க?" திருமலை முனகினான். அவள் விடவில்லை. மூன்றாவது டிக்கெட்டும் எடுக்க வைத்தாள். அவள் சம்பாதித்த பயணத்துக்கு நான் ஒட்டிக்கொண்டு போனேன்.

போன இடத்தில் ஒரே ஒரு பகல்தான் முழுசாகச் சுற்றினோம். மஞ்சள் கொடி பிடித்தவன் முன்னால் போக, நாற்பது பேர் ஆட்டு மந்தை மாதிரி பின்னால். காலையில் கிளிகளைக் காட்டினார்கள். அப்புறம் சிங்கத் தலையும் மீன் உடம்புமாக, வாயிலிருந்து தண்ணீர் கக்கும் சிலை. "இது சிங்கமா மீனா?" என்று கேட்டேன். எங்களோடு வந்த சிமெண்ட் கடை நாராயணம்மா, "ரெண்டும் கெட்டான் லட்சுமியம்மா, எங்க வீட்டுக்காரர் மாதிரி," என்றாள். பஸ்ஸே சிரித்தது. நாராயணம்மா எங்கள் தெருதான். அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

எனக்கு வெற்றிலை போடாமல் முடியாது. அந்த ஊரில் துப்பினால் அபராதம். பூங்கொடி தன் தோள் பையில் பிளாஸ்டிக் கவரும் என் பாக்கு டப்பாவும் வைத்திருந்தாள். நான் கன்னத்தை உப்பிக்கொண்டு அவளைப் பார்த்தால் போதும், கவரை நீட்டுவாள். முகம் சுளிக்கவில்லை. மத்தியானத்துக்கெல்லாம் அந்தப் பையில் நானே கை விட்டு எடுக்கவும் வைக்கவும் பழகிவிட்டேன்.

சாயங்காலம் நம் ஆட்கள் நடமாடும் தெருவில் இறக்கிவிட்டார்கள். பூக்கடை, கோயில், இட்லி வாசம். காலையிலிருந்து பயந்து பயந்து நடந்தவளுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. வெளிநாட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. அதுதான் கெடுதலாகப் போனது.

பெரிய கடை. சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கத் தலைவலித் தைலம் பத்து பாட்டில் எடுத்தேன். பூங்கொடி வரிசையில் நின்று பில் போட்டாள். வெளியே வருகிற வழியில் அதே தைலம், சின்ன பாட்டில், ஒரு கூடை நிறையக் கொட்டி வைத்திருந்தார்கள். ஓசூர் மார்க்கெட்டில் நான் கால் கிலோ பீன்ஸ் வாங்கினாலும் இரண்டு பச்சை மிளகாயும் ஒரு கொத்துக் கருவேப்பிலையும் கொசுறு இல்லாமல் நகர மாட்டேன். கடைக்காரன் போடாவிட்டால் நானே எடுத்துப் போட்டுக்கொள்வேன். அவனும் ஒன்றும் சொல்ல மாட்டான். பத்து வாங்கியிருக்கிறோமே என்று ஒன்றை எடுத்தேன். அங்கே நின்ற பெண்ணைப் பார்த்தேன், அவள் சிரித்தாள். எல்லாருக்கும் சிரிக்கிற சிரிப்பு என்று எனக்கு என்ன தெரியும்? பூங்கொடியின் பையில் போட்டேன். அவள் பார்க்கவில்லை.

வாசலில் இரண்டு பக்கமும் கம்பம் நட்டிருந்தார்கள். பூங்கொடி தாண்டினதும் அது கீ கீ என்று கத்தியது. காவலாள் வந்து பையைத் திறந்தான். பாஷை தெரியவில்லை என்று நான் சொல்லித் தப்பிக்க முடியாது. அவன் தமிழில்தான் கேட்டான்.

"அக்கா, பில்லுல பத்துதான் இருக்கு. இது யாரு எடுத்தது?"

எனக்கு முன்னால் தரை பளபளவென்று இருந்தது. அதையே பார்த்தேன். பின்னால் நாராயணம்மாவின் வளையல் சத்தம். வெளியே பஸ் பக்கத்தில் திருமலை. மருமகள் எடுத்தாள் என்றால் ஊர் பத்து நாள் பேசிவிட்டு விட்டுவிடும். பெற்றவளே எடுத்தாள் என்றால் மகன் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? நின்ற நேரத்துக்குள் இவ்வளவும் யோசித்தேன். அதனால் ஒன்றும் புரியாமல் நின்றேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

பூங்கொடி என்னை ஒரு தடவை பார்த்தாள். "நான்தாங்க," என்றாள்.

உள்ளே ஒரு அறைக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு மணி நேரம். போட்டோ பிடித்து, இனிமேல் அந்தக் கடைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். மற்ற எல்லாரும் பஸ்ஸில் காத்திருந்தார்கள். அவள் ஏறி வந்தாள். நாராயணம்மா தன் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விமானத்தில், திருமலை தூங்கின பிறகு, என் காதோரம் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் வேணாம் அத்தை. அவர்கிட்ட மட்டும் சொல்லிடுங்க. நான் சொன்னா உங்க மேல கோள் சொன்ன மாதிரி ஆயிடும்."

"சொல்றேன் கண்ணு," என்றேன்.

சொல்லவில்லை. ஊர் வந்த வாரமே திருமலை, "கொஞ்ச நாளைக்குக் கடைப்பக்கம் வராதே, ஜனங்க பேசறாங்க," என்றான். அவள் வாதாடவில்லை, என் வாயைப் பார்த்தாள். அப்புறம் ஆறு மாசம், அவன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அடுப்படி நிலையில் நின்று என்னைப் பார்ப்பாள். நான், "இன்னொரு தோசை போடட்டுமாடா?" என்று கேட்பேன். கடையில் அவன் கலர் மாற்றி மாற்றிக் கலக்கி, வந்தவர்கள் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

தை மாசம் ஜோதியம்மாள் வீட்டுக் கிரகப்பிரவேசம். பூங்கொடி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்னால் வெள்ளிக் குங்குமச் சிமிழ் இருந்தது. ஜோதியம்மாள் பேசிக்கொண்டே வந்தாள், பேசிக்கொண்டே சிமிழை எடுத்துத் தன் மருமகளிடம் கொடுத்து, "உள்ள வை," என்றாள். எடுத்ததை எல்லாரும் பார்த்தார்கள். பூங்கொடி குங்குமம் தொட்டு நெற்றியில் வைக்க நீட்டின விரலை மடக்கிக்கொண்டாள். நான் இலையில் இருந்த கேசரியைத் தின்றேன்.

மறுநாள் காலை திருமலை கடைக்குப் போனதும் அவள் வந்து என் முன்னால் நின்றாள்.

"நேத்து ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேன் அத்தை."

"அத்தனை பேர் முன்னாடி என்னத்தைச் சொல்றது?"

"வீட்டுல அத்தனை பேர் இல்லையே. ஆறு மாசமா மூணு பேர்தான் இருக்கோம்."

சரி, இன்றைக்கு ராத்திரி சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். தப்பு என்னுது என்று அவள் கையைப் பிடித்திருக்கலாம். எனக்குக் கோபம் வந்தது. தப்பு செய்தவளுக்குத்தான் எவ்வளவு கோபம் வருகிறது!

"நான் உன்னை ஏத்துக்கச் சொன்னேனா? நீயாத்தானே சொன்னே, நான்தாங்கன்னு!"



"ஆமாங்க அத்தை, நீங்க சொல்லலை," என்றாள்.

உள்ளே போய் ஒரு பையில் நாலு புடவை எடுத்து வைத்தாள். கட்டின புடவையை மாற்றவில்லை. செருப்பு மாட்டும்போது, "அடுப்புல பால் வெச்சிருக்கேன், பாத்துக்குங்க," என்றாள்.

நான் எழுந்து போய் அடுப்பு முன்னால் நின்றேன். வாசல் கேட்டின் தாழ்ப்பாள் எடுக்கிற சத்தம் கேட்டது. பெயர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். பால் இன்னும் பொங்கவில்லை என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.