செம்புத் தகடும் அம்மாவின் சீசனும்

ஆய்வுக்கூடத்தின் வாசலில் வெறுங்காலோடு நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஜெர்மனிக்கு வந்த முதல் வாரம். உலோகப் பொடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை வாங்கிக்கொண்டு, தெற்கே ஒரு சிறிய பல்கலைக்கழக ஊரில் வந்து இறங்கியிருந்தேன். கதவில் மஞ்சள் முக்கோணத்துக்குள் தீக்கொழுந்து வரைந்த எச்சரிக்கை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் என் கால்கள் என்னைக் கேட்காமலே ஷூவை உதறிவிட்டன. கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் ஹெல்கா என் பாதங்களையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கள் நாட்டில் ஆய்வுக்கூடமும் கோயில் மாதிரியா?" என்று கேட்டார். அரைகுறை ஜெர்மனில் நான் சொன்ன விளக்கம் அவர் எண்ணத்தை உறுதிதான் செய்திருக்க வேண்டும். மறுநாள் காலை வாசலில் ஒரு சிறிய கம்பளி விரிப்பு கிடந்தது. "பிட்டே, இந்தா, உன் பிரார்த்தனைக்கு," என்றார். மறுக்க மனம் வரவில்லை.

முதல் நாளிலேயே அவர் என் கையைப் பிடித்துக் கதவோரச் சுவரில் பதித்திருந்த ஒரு தகட்டில் அழுத்தினார். செம்புத் தகடு, உள்ளங்கை அகலம், குளிர்ந்து கிடந்தது. உடம்பில் தேங்கியிருக்கும் மின்சாரம் அது வழியாகப் பூமிக்குள் போய்விடும். பிறகு இதற்கென்றே செய்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வெறுங்காலோடு யாரும் வரக் கூடாது. இவ்வளவுதான் பாடம். எனக்கு அம்மாவின் பட்டாசு ஷெட் கண்முன் வந்தது. ஒரு தகடு, ஒரு கம்பி, கம்பி நுனியைப் புதைக்க ஒரு குழி, அங்கேயும் வைத்துவிடலாம். பெரிய கம்பெனிகளில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. அம்மா வேலை பார்த்தது விஸ்வநத்தம் தாண்டி, கைமாற்றிக் கைமாற்றிக் குத்தகைக்கு விடப்பட்ட சின்ன ஷெட். அங்கே அப்படி எதையும் நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பட்டாசு வேலைக்குப் போகிற பெண்கள் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். செருப்பு ஆணி தரையில் உரசக் கூடாது. நைலான் சேலை கூடாது, தலையில் இரும்பு ஊசி கூடாது. சாப்பாடு கொண்டுபோகிற பிள்ளைகள் நாங்களும் அந்தக் குவியலில் செருப்பை விட்டுவிட்டுத்தான் முற்றம் வரை போவோம். அதற்கு மேல் ஓர் அடி வைக்க அம்மா விட்டதில்லை. கை, கழுத்து, இமை மயிர் எல்லாம் வெள்ளிப் பொடி என்கிற அலுமினியத் தூள் மின்ன ஷெட்டிலிருந்து வந்து தூக்குவாளியை வாங்கிக்கொள்வாள். "நீ இந்த மண்ணை மிதிச்சது போதும். உள்ள மிதிச்சே, காலை ஒடிச்சிருவேன்," என்பாள்.

இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க் குடும்பங்கள் சில யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஒருவர் மதுரைக்காரர், ஒருவர் ஈழத்தவர், மீதிப்பேர் சென்னை. சாப்பிட்டு முடித்ததும் பேச்சு தானாகப் பழைய நாட்களுக்குள் போய்விடும். என் முறை வந்தால் எங்கள் தெரு தீப்பெட்டி ஒட்டிய கதையைச் சொல்வேன். எண்பதுகளின் கடைசி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தெருவே வாசலில் உட்கார்ந்து பெட்டி ஒட்டும். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை, விரல் நுனியெல்லாம் நீலம். என்னை மட்டும் ஒட்ட விடமாட்டார்கள். எழுத்துக்கூட்டாமல் படிக்கிற பிள்ளை என்பதால் வாரப் பத்திரிகைத் தொடர்கதையைச் சத்தமாக வாசிப்பது என் வேலை. என் பங்குப் பெட்டிகளை மற்றவர்கள் பிரித்து ஒட்டிக் கொடுப்பார்கள். எதிர்வீட்டுச் சண்முகத்தாய் அத்தை கதாநாயகியோடு நேரடியாகச் சண்டை போடுவாள். "அவன் ஏமாத்துக்காரப் பய, போகாதட்டி," என்று அத்தியாயம் முழுக்க எச்சரிப்பாள். கடைசியில் கதாநாயகி போய்விடுவாள். "ஏட்டி, நீ மாத்திப் படிச்சா என்னட்டி? ஒரு வாரம் அவ சந்தோசமா இருந்துட்டுப் போறா," என்று என்மீது பாய்வாள். தெரு சிரிக்கும். இதைச் சொல்லும்போது இங்குள்ள கூட்டமும் சிரிக்கும். "என்ன அருமையான வாழ்க்கை" என்று யாராவது பெருமூச்சு விடுவார்கள். நானும் ஆமாம் என்பேன். சிரித்த பிள்ளைகளில் பாதிப்பேர் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் கதை கெட்டுவிடும்.

அந்த ஏக்கத்தை அம்மாவுக்கும் ஊட்டினேன். ஜெர்மனிக்கு வருமுன், நான் வேலைக்குச் சேர்ந்ததும் அவளை ஷெட்டிலிருந்து நிறுத்தியிருந்தோம். போன் கார்டைச் சுரண்டி வாரம் தவறாமல் அழைப்பேன். விடியற்காலை கம்பெனி வேனில் என்ன பேசுவீர்கள், யார் தூக்குவாளியில் யார் கை வைப்பார்கள், கூடவே வேலைக்கு வருகிற சண்முகத்தாய் அத்தை யாரை என்ன பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவாள் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அம்மா சளைக்காமல் சொல்வாள். ஆடி பிறந்து தீபாவளி ஆர்டர்கள் குவியத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குரலில் இருமல் இருந்தது. அந்த இருமலை எனக்குத் தெரியும்.

"திரும்பப் போறியாம்மா?"

"சும்மா கெடக்க முடியலத்தா. எம்புட்டு நேரம் டிவி பாக்க?"

"எதுக்கு நிறுத்துனோம்னு மறந்து போச்சா?"

"நீதான வாரம் வாரம் கேக்குற, வேன்ல என்ன பேசுவீக, என்ன சிரிப்பீகன்னு. அங்கன உக்காந்து நீ நெனச்சுப் பாக்கலாம். இங்கன இருக்கவ போயி உக்காந்தா தப்பா?"

கார்டில் காசு தீரப்போகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மறுநாளே ஷெட்டை மேற்பார்க்கிற போர்மேன் அண்ணனைப் போனில் பிடித்தேன். தகட்டைப் பற்றிச் சொன்னேன். கரி, உப்பு போட்டு நிரப்பிய குழி வேண்டும், எங்கள் மண் காய்ந்த மண் என்பதால் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "நல்லாருக்கீகளா தாயி? சாப்பாடெல்லாம் ஒத்துக்கிருச்சா?" என்றார். பிறகு, "தகடு வச்சா ஒவ்வொருத்தியும் மஞ்சக் குங்குமம் வச்சுத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் உள்ள வருவாளுக. அப்புறம் லோடு எப்ப ஏத்த? சீசன் முடியட்டும்," என்றார்.

சீசன் முடியவில்லை. புரட்டாசியில் ஒரு பிற்பகல், கூடத்துக் கணினியில் தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்தேன். பட்டாசு ஷெட்டில் வெடி விபத்து, எங்கள் ஊர்ப் பக்கம் என்று முதல் வரியிலேயே இருந்தது. அதற்கு மேல் படிக்கவில்லை. ஊரில் அந்த வெடிச் சத்தம் கேட்டால் யாரும் பேச மாட்டார்கள். வெளியே வந்து புகை எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். விஸ்வநத்தம் பக்கமா, சாத்தூர் பக்கமா. தன் ஆள் போன பக்கம் இல்லை என்று தெரிந்த வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு எரியாது. நான் எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன். ஊசியிலை மரங்களுக்கு மேலே புகையைத் தேடினேன். வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. எத்தனை முறை அழைத்தும் எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது.

ஹெல்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். "உன் ஊரில் போர் நடக்கிறதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லை. பண்டிகை வருகிறது," என்றேன்.

அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

இங்கே இருட்டுவதற்குச் சற்று முன் அம்மா எடுத்தாள்.  வெடித்த நேரத்தில் அவள் கை கழுவத் தொட்டிக்குப் போயிருந்திருக்கிறாள். "எந்திரி, சாப்பிடலாம்னு கூப்பிட்டேன். இந்தா இந்தச் சக்கரத்துல மருந்தை அடைச்சுட்டு வாரேன்னா," என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரி. வேனில் வாயை மூடாமல் வருகிறவள், பள்ளிக்கூடமே போகாமல் தொடர்கதைகளை எல்லாம் கரைத்துக் குடித்தவள். தீ எதனால் பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. தகடு இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல முடியாது. காப்பாற்றியிருக்காது என்றும் சொல்ல முடியாது.

ஷெட்டுக்குச் சீல் வைத்தார்கள். குத்தகைக்காரர் அடுத்த தோட்டத்தில் இன்னொரு ஷெட்டைப் பிடித்துவிட்டார். பொங்கல் கழிந்து வேலை தொடங்குகிறது. அம்மா போகிறாளாம். வீட்டில் இருந்தால் அத்தையின் குரலே கேட்கிறதாம். அங்கே போனால் நாலு பேர் சத்தத்தில் கேட்காதாம். நான் மறுபடியும் போர்மேன் அண்ணனை அழைத்து, நானே வந்து தகட்டைப் பதித்துக் கொடுக்கிறேன் என்றேன். இந்த முறை அவர் தகட்டைக் கேலி செய்யவில்லை. ஆனால் புது ஷெட்டில் கெடுபிடி அதிகம். வெளியாள் யாரையும் கேட்டுக்குள் விட முதலாளி சம்மதிக்க மாட்டார். வேலைக்கு வருகிறவர்கள் மட்டும்தான் என்றார்.

"அப்ப வேலைக்கு வாரேன். என் பேரையும் சேத்துக்கோங்கண்ணே."

"வெளிநாட்டுல படிக்கிற பிள்ளை பேசுற பேச்சா இது?" என்றார். பிறகு, "அம்மாவக் கேட்டுக்கோங்க," என்று மட்டும் சொன்னார்.

அம்மாவிடம் அவரே சொல்லியிருக்கிறார். என் அழைப்பை எடுத்ததும் அவள் ஆரம்பித்தாள்.

"உன்னைய அந்த மண்ணுக்குள்ள விடக் கூடாதுன்னுதானடி நான் அம்புட்டு வருசம் கெடந்தேன். நீ உள்ள காலை வச்சே, மறு நிமிசம் நான் வெளிய வந்துருவேன். அப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டேன்."

"வந்துரும்மா. அதுக்குத்தான் வாரேன்."

அம்மா போனை வைத்துவிட்டாள்.

ஆராய்ச்சி வழிகாட்டியிடம் விடுப்புச் சொல்லிவிட்டேன். தகட்டையும் கம்பியையும் பெட்டியில் வைத்துவிட்டேன். ஒன்று, வாசலில் குழி தோண்ட விடுவார்கள். இல்லாவிட்டால் அம்மா வெளியே வருவாள். இரண்டும் நடக்காமலும் போகலாம். அப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சக்கரம் அடைப்பேன். பொங்கல் முடிந்த திங்கட்கிழமை வேன் வந்து நிற்கும்போது அம்மாவுக்கு முன்னால் ஏறிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். உள்ளே இருக்கிற பெண்கள் என்னை வேலைக்காரி என்று நினைத்து நகர்ந்து இடம் விடுவார்களா, வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தாளி என்று எழுந்து இடம் விடுவார்களா, தெரியவில்லை. நகர்ந்தால் கிடைக்கிற இடம் சண்முகத்தாய் அத்தையுடையதாக இருக்கும்.