எழும்பாத பாதம்

அறுவை சிகிச்சைக்கு முந்தின மாலை, கட்டிலில் கிடந்த சித்தப்பா டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கிளட்ச் மிதிக்க முடியுமா சார்?" விதுரா வழியாகப் பொன்முடி மலைக்கு ஏறும் பஸ்ஸின் டிரைவர் அவர். மழையில் டூட்டிக்குப் போகையில் ஸ்கூட்டர் சறுக்கி, இடது கால் முட்டு சாலை நடுச்சுவரில் மோதி விலகிவிட்டது. மூட்டைப் பிடித்து நிறுத்தும் நார்களில் மூன்று அறுந்திருந்தன. டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. மூட்டு இறுகலாம், கிருமி பிடிக்கலாம், ரத்தம் உறையலாம் என்றார். "நாரை நான் கட்டித் தர்றேன். பக்கத்துல, பாதத்தைத் தூக்குற நரம்பும் இழுபட்டிருக்கு. அது திரும்பி வரலாம், வராமலும் போகலாம்."

நான் அப்போது கரமனையில் சித்தப்பா வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தையல் நன்றாகவே ஆறியது. ஆனால் முட்டு மரக்கட்டையாக இறுகிப்போனது. பிசியோதெரபிக்காரப் பெண் வந்து மடக்கும்போது சித்தப்பா துண்டைக் கடித்துக்கொள்வார். அவர் முனகுவது கேட்காமலிருக்க சித்தி அடுக்களையில் குழாயைத் திறந்துவிடுவாள். கடைசியில் மறுபடி மயக்க மருந்து கொடுத்து மடக்கினார்கள். முட்டு வழிக்கு வந்தது. பாதம் வரவில்லை. கணுக்காலுக்குக் கீழே தொங்கிக்கொண்டே இருந்தது. பெருவிரலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். விசாரிக்க வருகிறவர்களிடம் "வரும் கேட்டியா, சமயமெடுக்கும்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டெப்போவில் நண்பர் ஒருவர் காலி பஸ்ஸின் சாவியைக் கொடுத்தார். நான் பின் சீட்டில் இருந்தேன். கிளட்சை நன்றாகத்தான் மிதித்தார். காலை எடுத்து மறுபடி வைக்கும்போது விரல்கள் பெடலுக்கு அடியில் சிக்கிக்கொண்டன. வண்டி குலுங்கி நின்றது. மறுபடியும் அப்படியே. பிறகு பேன்ட் துணியைக் கையால் பிடித்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். மெக்கானிக்குகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். "மிதிக்கச் சொன்னா மிதிக்குது மக்ளே. எழும்பத்தான் மாட்டேங்குது" என்றார் சித்தப்பா என்னிடம்.

டூட்டிக்குச் சேருவதற்கான பரிசோதனைக்கு முந்தின நாள் சித்தி சொன்னாள்: "முட்டுக்காலைத்தானே பாப்பாங்க. பாதத்தைப் பத்தி நாமளா ஏன் சொல்லணும்?"

சித்தப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "வளைவுல கால் சிக்கினா பஸ்ஸில இருக்கிற ஆளுகளுக்கு யார் பதில் சொல்றது?"

"நம்ம பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்றது?" என்றாள் சித்தி. அவர் சட்டையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார்.

மறுநாள் பரிசோதித்த டாக்டர் முட்டுக்காலை அசைத்துப் பார்த்து, பிடிப்பு உறுதியாக இருக்கிறது என்று பாராட்டினார். சித்தப்பா தானாகவே காலுறையைக் கழற்றி, பாதத்தைத் தூக்க முயன்று காட்டினார். அதோடு டிரைவர் வேலை போயிற்று.

இப்போது கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில், எந்த பஸ் எங்கே நிற்கும் என்று ஆட்களுக்குச் சொல்லும் வேலை. நடக்கும்போது இடது பாதம் தரையில் பட்டென்று அடிக்கிறது. மழைக்காலத்தில் முட்டு வீங்கிக்கொள்கிறது. ஐம்பது வயதிலேயே தேய்மானம் தொடங்கிவிட்டதாம். நரம்பு திரும்பி வரவே இல்லை. "யாரும் கேக்கல்ல, இவராப் போய்க் காட்டினார்" என்று சித்தி இன்றும் வருகிறவர்களிடம் சொல்கிறாள். ஆனால் காலையில் தரையில் உட்கார்ந்து, பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டையை அவர் காலில் மாட்டிவிடுவதும் அவள்தான்.