எண்ணெய்ப் பஞ்சு

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும், ஞாபகமும் தப்புகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்த காலத்தில் விழுப்புரம் ஸ்டேஷனில் ஒருவர், சரக்கு வண்டிச் சக்கரங்களின் அச்சுப் பெட்டிக்குள் எண்ணெயில் ஊறிய பஞ்சை வைப்பார். வைத்ததும் புறங்கையால் பெட்டியைத் தொட்டுச் சூடு பார்ப்பார்.

மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றப் போன நான், வீட்டு விளக்குக்காக அந்தப் பஞ்சை உருவி மடியில் கட்டிக்கொண்டேன். வண்டி திண்டிவனத்தில் புகைந்து நின்றுவிட்டது.

மறுநாள் அவர், அந்த அச்சுப் பெட்டிக்குள் இருந்து நசுங்கி, வரிவரியாய்க் கீறிப்போன பித்தளைத் துண்டோடு என்னிடம் வந்தார்.

"எண்ணெ இல்லன்னா இரும்பு பித்தளைய தின்னுடும்மா. நான் பஞ்சே வெக்கலன்னு வேலைய உட்டு தூக்கிட்டாங்க. நீ பாத்துக்கினுதான இருந்த, வந்து சொல்லும்மா."

"நான் பாக்கலீங்க" என்றேன்.

அவர் ஒன்றும் திட்டவில்லை. வேலை திரும்பக் கிடைத்ததா என்று, விவரம் தெரிந்தவர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.