நேற்றைய மருந்தும் ஒரு லேஸ் சால்வையும்

மருத்துவமனையில் என்னிடம் கேட்ட முதல் கேள்விக்கே தப்பாகப் பதில் சொன்னேன். தள்ளுவண்டியில் படுத்தபடி நடைக்கூடத்தில் காத்திருந்தேன். செவிலியர் குனிந்து, "மருந்து எதுவும் போட்டீங்களா ஐயா? எத்தனை மணிக்கு?" என்றார்.

"ஒரு மணிக்கு. அரைத் தகரம் இருக்கும்" என்றேன்.

அவர் விழித்தார். என் மனைவி சரோஜாதான் விளக்கினாள். "அவுக வெடி மருந்தைச் சொல்றாக, சிஸ்டர். எங்க ஊருல மருந்துன்னா மொதல்ல அதான்."

எனக்கு இப்போது அறுபத்தொன்பது வயது. வேதியியல் படித்தவன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பது ஆண்டுகள் போர்மேனாக இருந்தேன். தீயில் கை வெந்தவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் என் கை எப்படித் தேறியது என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் சொன்ன ஒரு பொய்யை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிஞ்சினால் அழித்துவிட வேண்டும். இது எங்கள் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அலுமினியத் தூள் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால், ஒரு பொறியும் இல்லாமல் அது தானாகவே சூடேறும். இதை நானே தொழிலாளிகளைக் கூட்டி வைத்துப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன்.

விபத்து நடந்தது தீபாவளிச் சீசன் நேரம். ஆர்டர் நெருக்கியது. முந்தின நாள் அரைத் தகரம் மருந்து மிஞ்சியிருந்தது. இரவு தூறல் போட்டிருந்தது. நான் அந்தத் தகரத்தை அழிக்கச் சொல்லவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். மாரித்தாய் மட்டும் அறையில் இருந்தாள். பத்து வருடமாகப் பட்டாசின் காகிதக் குழாய்க்குள் மருந்து செலுத்துபவள். விரல் சுத்தம், ஒரு பிசகும் விடமாட்டாள் என்று அவளுக்குப் பேர். தகரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"ஐயா, இது நேத்து மருந்துல்லா? தொட்டா சூடா இருக்கு."

"வெயிலுக்குச் சூடா இல்லாம சில்லுன்னா இருக்கும்? செலுத்துத்தா. சாயங்காலம் லோடு ஏத்தணும்."

"இல்லய்யா, நீங்களே வந்து பாருங்க."

எரிச்சலோடு உள்ளே போனேன். மூடியை நான்தான் திறந்தேன்.

வெடிச் சத்தம் எனக்கு நினைவில்லை. வெள்ளை வெளிச்சம் மட்டும்தான் நினைவிருக்கிறது. என் இரண்டு கைகளும் வெந்தன, வலது கை மோசமாக. வாசலில் நின்ற மாரித்தாய்க்குக் கழுத்தும் இடது தோளும். வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் விசாரணைக்கு ஓர் அதிகாரி என் படுக்கைக்கு வந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்: "மாரித்தாய் தகரத்தைத் தரையில் இழுத்தாள், உரசி வெடித்தது. அவளுடைய கவனக்குறைவு."

அவர் எழுதிக்கொண்டார். வலது கை முழுக்கக் கட்டு இருந்ததால், கட்டுக்கு வெளியே தெரிந்த இடது பெருவிரலில் மை தடவி ரேகை வைத்தார்கள். பட்டம் வாங்கியவன் கைநாட்டு வைக்க நேர்ந்ததே என்று கூசினேன். கூச வேண்டியது எதற்கு என்று அப்போது தோன்றவில்லை. இரவு காய்ச்சலில் ஒரு நினைப்பு வந்தது: கை சரியாகட்டும், நானே திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன்.

தோல் ஒட்டு அறுவை (தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்துக் காயத்தின்மேல் பதிப்பது) இரண்டு முறை நடந்தது. கையைவிடத் தொடைதான் அதிகம் வலிக்கும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் நான் பயந்துபோனேன். நீங்கள் பயப்பட வேண்டாம்.

அடுத்த எதிரி வடு இறுக்கம் (ஆறிய வடு சுருங்கி, மூட்டுகளை மடக்கிப் பூட்டிவிடுவது). என் வலது கை கோழிக்கால்போல் குவிந்துகொண்டே வந்தது. இரவில் விரல்களை நீட்டி வைக்கப் பட்டை கட்டினார்கள்.

அறுவை செய்த மருத்துவர் வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்று சொன்னார். "உள்ளங்கையில் ஒட்டின தோலுக்குச் சூடு சரியாத் தெரியாது. டம்ளரை நீங்களா எடுக்காதீங்க. யாராவது தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்."

அதற்கு முன்பு, மருத்துவமனையில் இருந்தபோதே விரல் பயிற்சி கொடுத்தவர் பெனிட்டா. வயது முப்பதுக்குள் இருக்கும். ரப்பர் பந்தை அழுத்தி அழுத்தி நான் சலித்துப்போனதைப் பார்த்து, ஒரு நாள் இரண்டு பின்னல் ஊசியும் தடித்த கம்பளி நூலும் கொண்டுவந்தார்.

"இது பொம்பளைங்க வேலைம்மா" என்றேன்.

"உங்க கைக்கு ஆம்பளை பொம்பளை தெரியாதுப்பா. விரல் மடங்குதா நீளுதான்னுதான் தெரியும்."

பக்கத்துக் கட்டில்காரர் முகமெல்லாம் கட்டோடு படுத்திருந்தவர். அவரும் விடவில்லை. "போர்மேன் சார் ஸ்வெட்டர் போடுறாகளே! சாத்தூருல பனி கொட்டுதோ?"

சரோஜா தன் பங்குக்கு, "கல்யாணம் ஆன நாளா ஒரு பொத்தான் தச்சிருப்பீகளா நீங்க?" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

முதல் கைக்குட்டையளவு துண்டுக்கு நாற்பது நாள் ஆனது. ஊசி நழுவும், விரல் பிடிக்காது. பிறகு, எதிர்பாராத ஒரு காலையில், சுட்டுவிரல் தானாக வளைந்து நூலை வாங்கிக்கொண்டது. அந்த நொடி எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபின் லேஸ் பின்னலுக்கு மாறினேன். கைபேசியில் பார்த்துக் கற்றேன். கட்டம் போட்ட வரைபடம், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறி. வேதியியல்காரனுக்கு அது பிடித்துப்போனது. லேஸில் ஒவ்வொரு ஓட்டையும் வேண்டுமென்றே விடப்படுவது. நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு துளை, ஒரு புதுக் கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்). உடனே பக்கத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். கூட்டிய ஒன்றுக்கு ஒன்றைக் குறைத்தால்தான் வரிசை சரியாக நிற்கும்.

பின்னப்போகும் சால்வை மாரித்தாய்க்கு என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். வெந்து ஆறிய தோலுக்கு வெயில் ஆகாது, பாரமான துணியும் ஆகாது. நைலான் பட்டால் அரிப்பெடுக்கும். என் கையிலிருந்து இது எனக்குத் தெரியும். ராஜபாளையத்திலிருந்து மெல்லிய பருத்தி நூல் வரவழைத்தேன். சரோஜா கேட்டபோது, "பாவம், அவளுக்கும் கழுத்துல காயம்தான" என்றேன்.

நூற்றிருபத்தொரு கண்ணிகள். பருத்தி நூல் கம்பளிபோல் விட்டுக்கொடுக்காது. ஒரு வரிசை முடித்து எண்ணினால் நூற்றிருபது இருக்கும். எந்த இடத்தில் போனது என்று தேட அரைமணி. ஒரு கண்ணி நழுவினால் ஏணிபோல் கீழே இறங்கிக்கொண்டே போகும். இந்தக் கை அதைப் பிடிப்பதற்குள் நாலு வரிசை போய்விடும். ஊசியைச் சுவரில் எறிந்திருக்கிறேன். ஒரு முறை மட்டும், துளை விட்டுப்போனது பல வரிசை தாண்டித் தெரிந்தபோது, அவிழ்க்க மனம் இல்லாமல் ஓரத்தில் ஒரு கண்ணியைக் கூட்டிக் கணக்கைச் சரிக்கட்டினேன்.

சால்வை வளர வளர எனக்குள் ஒரு பயமும் வளர்ந்தது. கை தேறிக்கொண்டிருந்தது. கை சரியாகட்டும் என்று சொல்லிச் சொல்லி இரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். சிகிச்சைக்குப் போகும்போது பெனிட்டா விரல்களை அளந்து, "அருமைப்பா, இன்னும் நல்லா விரியுது" என்பார். நான் கையை இழுத்துக்கொள்வேன். நோயாளி குணமாவதற்குப் பயப்படுவான் என்று நான் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை.

என் கை தேறினால் இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளியில் கை செய்து போடுவதாகச் சரோஜா நேர்ந்திருந்தாள். "போவமா?" என்று கேட்கும்போதெல்லாம், "இன்னும் முழுசா ஆகலயே" என்பேன்.

சால்வையை முடித்து, நனைத்து, மெத்தைமேல் விரித்துக் குண்டூசி குத்திக் காயப்போட்டேன். அதுவரை கசங்கிய வலைபோல் கிடந்தது விரிந்துகொடுத்தது. இலை இலையாய்த் துளைகள் திறந்தன. நானும் சரோஜாவும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்று மாலையே கூரியர்க்காரர் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். கையெழுத்துக் கேட்டார். நான் பழக்கத்தில் இடது பெருவிரலை நீட்டி, மை இருக்கிறதா என்று கேட்டேன்.

அவர் போனதும் சரோஜா கதவைச் சாத்தினாள்.

"இம்புட்டு சன்னமா லேஸ் பின்னுற கைக்கு ஒரு கையெழுத்துப் போட வரலயா?"

"வரல."

"வரலயா, போடலயா?"

நான் மெத்தையில் கிடந்த சால்வையைப் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் சரோஜா, "மாரித்தாய் எங்கிட்ட ரெண்டு தடவை போனுல பேசினா. ஐயாவுக்குக் கை எப்படி இருக்குன்னுதான் கேட்டா" என்றாள்.

மறுநாள் காலை சாத்தூர் போய் மாரித்தாய் ஊருக்கு வேன் பிடித்தோம். மாரித்தாய் வீட்டு வாசலில் தீப்பெட்டி அட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். கழுத்து வடு அவள் தலையை ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

"வாங்கய்யா, வாங்கக்கா. சாப்பிட்டீகளா?"

சால்வையை எடுத்துக் கொடுத்தேன். அவள் பசைக் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"நீங்களா பின்னுனீக? அடேயப்பா!" விரலால் துளைகளைத் தடவிக்கொண்டே வந்தவள் நின்றாள். "இங்கன ஒண்ணு அடைஞ்சு கெடக்கே. விட்டுட்டீகளோ?"

விரல் சுத்தக்காரி. நான் இரண்டு வருடம் சொல்லாததை அந்த இடத்தில் நின்றபடியே சொன்னேன். நீ தகரத்தை இழுக்கவில்லை, நான்தான் அப்படிச் சொன்னேன் என்றேன்.

"அது எனக்குத் தெரியாதாய்யா?" குரல் உயரவில்லை. "சூடா இருக்குன்னு சொன்னவளே நாந்தான. வெடிச்சதுல உங்களுக்கு மறந்துபோச்சோன்னு நெனச்சேன். அப்பிடி நெனச்சுத்தான் ஆறிக்கிட்டேன். எந்தக் கம்பெனிக்குப் போனாலும், தகரத்த இழுத்தவ நீதானங்கிறாக. உள்ள விடமாட்டேங்கிறாக. என் மக காதுபடவே சொல்றாக." என் பக்கம் திரும்பினாள். "மறக்கலயா நீங்க?"

"மறக்கல."

சால்வையை நாலாக மடித்து என் கையில் திருப்பி வைத்தாள்.

"இதப் பெறகு பாப்போம். மொதல்ல எழுதுங்க."

மகளின் நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தாள். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆனது. எழுத்து கோணிக்கொண்டு ஓடியது. "வாசிங்க" என்றாள். வாசித்தேன். 'விபத்துக்கு என் கவனக்குறைவே காரணம்' என்ற இடத்தில் கையை உயர்த்தினாள்.

"கவனக்குறைவா? நான் சொன்னேன், நீங்க கேட்டீக. கேட்டுட்டுத்தான செலுத்தச் சொன்னீக. அதுக்குப் பேரு கவனக்குறைவாய்யா?"

சரோஜா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மேலே 'தெரிந்தே' என்று எழுதினேன். வாக்கியத்தை அதற்கேற்ப மாற்றினேன். கீழே வலது கையால் கையெழுத்துப் போட்டேன். பழைய கையெழுத்துபோல் இல்லை. ஆனாலும் என்னுடையதுதான்.

அன்றே விருதுநகர் போய் அந்த அதிகாரியின் அலுவலகத்தில் கொடுத்தோம். கூப்பிட்டு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்மேல் வழக்கு வரலாம். மாரித்தாயின் பெயர் தாளில் சரியாவதற்கும் கம்பெனி வாசல்களில் சரியாவதற்கும் எவ்வளவு காலம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவள் இன்னும் சால்வையை வாங்கிக்கொள்ளவில்லை. சரோஜாவும் இருக்கன்குடிப் பேச்சை எடுக்கவில்லை.

முடித்த சால்வையை அந்த விட்டுப்போன துளைவரை அவிழ்த்தேன். அறுபத்தெட்டு வரிசை. பின்னும்போது மாதங்களாய் ஏறியது, பிரிக்கும்போது ஒரு மத்தியானத்தில் கையோடு வந்துவிட்டது. இப்போது மறுபடி இருபத்திரண்டு வரிசை ஏறியிருக்கிறது. என் நாட்களை இப்போது இப்படித்தான் எண்ணுகிறேன்.

விரல்கள் எல்லாம் செய்கின்றன. மழை வருவதை வடு முன்னாலேயே சொல்லிவிடுகிறது. சூடு மட்டும் இந்த உள்ளங்கைக்குத் தெரிவதில்லை. காலையில் சரோஜா காபி டம்ளரைப் பக்கத்தில் வைக்கிறாள்.

"சூடா இருக்கா?" என்று கேட்கிறேன்.

"சூடா இருக்கு" என்கிறாள்.

நான் கையை எடுத்துக்கொள்கிறேன். ஒரு வரிசை பின்னி முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.