முருங்கைக்கீரை டீச்சர்

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இசைவாணி டீச்சர் பையிலிருந்து முருங்கைக்கீரைக் கட்டை உருவிவிடுவார். பிள்ளைக்கு என்ன வயது, பேர் என்ன என்பதெல்லாம் அப்புறம். நேராகப் போய்த் தாய்க்காரி மடியில் கட்டைப் போடுவார். "இதக் கொஞ்சம் ஆஞ்சி குடுங்க. காம்பு ஒண்ணுகூட வுழக்கூடாது, சொல்லிட்டேன்."

செம்மண்டலத்தில் இருக்கும் வினோதினிக்கு முதல் நாள் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்டிசம் உள்ள மகள் வெண்மதிக்கு என்னென்ன செய்ய வருகிறது என்று பார்த்துச் சொல்ல வந்தவர், தன் வீட்டுச் சமையல் வேலையை ஓசியில் முடித்துக்கொள்கிறாரே! மஞ்சக்குப்பத்திலிருந்து, சுனாமிக்கப்புறம் தேவனாம்பட்டினத்தில் எழும்பிய புது வீடுகள் வரைக்கும் இந்த அம்மாவின் மொபெட் போகாத தெரு கிடையாது. இப்படிப் பிள்ளை இருக்கிற அத்தனை வீட்டிலும் இதே கீரைக் கூத்துதானாம்.

டீச்சர் பிள்ளையை நேராகப் பார்க்கக்கூட மாட்டார். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கொடுத்த முறுக்கை நொறுக்கிக்கொண்டு, சுவரில் தொங்கும் காலண்டரை ரசிப்பார். கடைக்கண் மட்டும் வேலை செய்யும். கேள்விகளும் வேடிக்கைதான். "கரண்டு போனா என்னா செய்யுது? இட்லிக்குச் சட்னி வைக்காம வுட்டா யாரத் தேடுது?"

வினோதினியிடம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில். "அதுக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். எல்லாம் நாந்தான்." ஒன்பது வயதாகியும் சோறு ஊட்டுவது அவள்தான். தானே சாப்பிடுகிற பிள்ளையைத்தான் சேர்ப்போம் என்று சிதம்பரத்தில் ஒரு சிறப்புப் பள்ளியில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பள்ளியை விட்டால் வெண்மதிக்கு வேறு போக்கிடமில்லை.

அன்று வெண்மதி வந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "தண்ணி கேக்குது" என்று வினோதினி எழப்போனாள். "கீரை பாதியில கெடக்கு, உக்காருங்க" என்றார் டீச்சர். மகள் மறுபடி இழுத்தாள், சிணுங்கினாள். பிறகு தானே அடுக்களைக்குள் போனாள். டம்ளர் உருளும் சத்தம் கேட்டது. குடத்துத் தண்ணீரை மொண்டு, பாதியைப் பாவாடையில் கொட்டிக்கொண்டு, மீதியைக் குடித்தாள்.

"அதுக்குத் தெரியுது. ஒங்க கை ஜாஸ்தி வேகம், அதான்" என்றார் டீச்சர்.

அதிலிருந்து சோற்று வேளை வந்தால் வினோதினி மடியில் கீரை இருக்கும். கீரைக்குழம்பு, கீரைப் பொரியல், கீரை அடை என்று தின்றுதின்று அவள் புருஷன் பாலகுமாருக்கு வெறுத்தே போனது. வெண்மதி சிந்தினாள், அழுதாள், தட்டைக் கவிழ்த்தாள். கடைசியில் பிசைந்து சாப்பிட்டாள். டீச்சரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது வினோதினிக்கு.

சிதம்பரம் பள்ளியில் மறுபடி பார்க்கிறோம் என்ற நாளில் டீச்சரும் கூடவே பஸ் ஏறினார். புது இடம், புதுத் தட்டு. சாம்பார் சாதத்தை வெண்மதி வெறித்துப் பார்த்தாள், தொடவில்லை. வினோதினி மறக்காமல் கொண்டுவந்திருந்த கீரைக்கட்டை மடியில் போட்டுக்கொண்டாள். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சரின் வலது கை தானாகத் தட்டை நோக்கி நீண்டது. சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"எனக்கும் பாதி குடுங்க" என்றார்.

இருவரும் தலைகுனிந்து ஆய்ந்தார்கள். தட்டு லேசாக நகர்ந்தது. வெண்மதி ஒரு வாய் எடுத்து மென்றாள். அடுத்த வாய்க்குப் பிசைந்தாள்.

டீச்சர் நிமிரவில்லை. அவர் மடியில் இலையும் காம்பும் ஒன்றாகவே விழுந்துகொண்டிருந்தன.