மாடி வீட்டு அடுப்புக்கு ஒரு காலை விடுப்பு

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் மாடி வீட்டுக்கு ஆள் வந்துவிடும். ஐந்தருவி போகிற சாலையில் இருக்கிறோம். பாத்திரம், குக்கர், அடுப்பு எல்லாம் கொடுப்போம். சமையல் தங்குகிறவர்கள் பாடு. கீழே நானும் அம்மாவும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியதிலிருந்து இந்த வீட்டுக்கு மேனேஜர் நான்தான். அம்மாவிடம் கேட்டால் சிரிப்பாள்.

சாத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வருஷா வருஷம் வரும். அண்ணன் தம்பி மூன்று பேர், மூத்தவரின் மனைவி, அவர்கள் பிள்ளைகள். அருவியில் நின்றுவிட்டு வந்தால் வயிறு கபகபவென்று எரியும். அதனால் எல்லாரும் குளிக்கப் போக, அந்த அக்கா மட்டும் சமைத்துக்கொண்டிருப்பார். மூன்றாவது வருஷம்தான் கவனித்தேன். மாடிக் கொடியில் எல்லாத் துண்டும் சொட்டுகின்றன, ஒன்று மட்டும் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

"ஏக்கா, நீங்க அருவியப் பாக்க வந்தியளா, எங்க அடுப்பப் பாக்க வந்தியளா?"

"இங்கருந்தே சத்தம் கேக்குதே தம்பி, போதும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மதியம் அவர்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். மலையில் மழை வேறு. தண்ணீர் கூடிவிட்டால் போலீஸ்காரர்கள் யாரையும் குளிக்க விடமாட்டார்கள். விடிந்ததும் மாடிக்குப் போய், சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். தம்பிமாரும் பிள்ளைகளும் இன்னும் தூக்கத்தில் இருந்தார்கள்.

"கேஸ் லேசா கசியுது அண்ணாச்சி. வேற வாங்கணும். கடை தொறக்கணும்லா."

மூத்தவருக்கு முகம் சுருங்கியது. "அப்ப காலைச் சாப்பாடு?"

"கீழ எங்க அடுப்பு இருக்கு. ஆனா வெளியூர்ப் பொம்பளையாள எங்கம்மா அடுப்படியில விடமாட்டா. ஆம்பளையாளு வரலாம். எங்க வீட்டு வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் உலகத்தில் எங்கும் கிடையாது. அவரோடு கீழே வந்து அதையே அம்மாவிடமும் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வெங்காயத்தையும் கத்தியையும் அவர் கையில் கொடுத்தாள்.

அக்கா வாசலிலேயே நின்றார். "இவுகளுக்கு உப்பு எது, சீனி எதுன்னே தெரியாது."

"நக்கிப் பாத்துத் தெரிஞ்சுக்கிடுவாவ. நீங்க அருவிக்குப் போங்க."

"தனியாவா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. அக்கா அம்மாவிடம் திரும்பினார். "நீங்களும் வாங்களேன்."

"சீசன்ல நான் எங்கன போவ? வீடு கெடக்குத கெடயப் பாரு."

"நீங்க குளிச்சு எத்தன வருசமாச்சு?"

அம்மா விரலை மடக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள். நடந்து போகிற தூரத்தில்தான் அருவி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஏலே, வீட்ட நீயே கூட்டிக்க," என்றவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நானும் மூத்தவரும் ரவையை வறுத்தோம். கொஞ்சம் கருகியது. அப்போது பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் வாசலில் வண்டியை நிறுத்தினார். "தண்ணி கூடிட்டுலே. ஐந்தருவில எல்லாரையும் வெளிய வரச் சொல்லுதாவ."

மூத்தவர் அடுப்பை அணைத்தார். கரண்டியோடு சாலைக்குப் போய் நின்றுகொண்டார். சாரல் அவர் சட்டையை நனைத்தது.

"மூணு வருசம் தம்பி. அவளும் கேக்கல. நானும் கூப்பிடல."

அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டேன்.

வளைவில் இரண்டு பேரும் வந்தார்கள். சாரலில் நனைந்த நனைப்பு இல்லை அது. சேலை உடம்போடு ஒட்டி, நடந்த இடமெல்லாம் தண்ணீர்.

"கெடச்சுதா?" என்றார் அவர்.

"குளிச்சு முடிச்சு வெளிய வந்தப்பறந்தான் விசில் ஊதுனாங்க," என்றார் அக்கா.

"பொய் சொல்லுதா," என்றாள் அம்மா. "மொத விசிலுக்கு இவ அசையவே இல்ல."

இப்போது ஃபோனில் வீடு கேட்கிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் நாள் காலை ஆண்கள் கீழே வந்து சமைக்க வேண்டும், பெண்கள் அருவிக்குப் போவார்கள். சிலர் பேசாமல் வைத்துவிடுகிறார்கள். வருகிறவர்களின் வீட்டுப் பெண்களை அம்மாதான் கூட்டிப் போகிறாள். இந்த சீசனில் அவள் தலைமுடி ஒரு நாளும் முழுசாகக் காயவில்லை. ராத்திரி மூக்கில் தைலம் தேய்த்துவிடுகிறேன். தும்மிக்கொண்டே மறுநாளும் கிளம்புகிறாள்.